கையொப்பமிடாதவர்களின் கடன்

கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவரைத் தேடி வருவதில் புதினம் ஏதுமில்லை. வாங்கியவரின் தமக்கையைத் தேடி, மாமியாரைத் தேடி, மச்சாள் படிப்பிக்கும் பாடசாலையின் அதிபரைத் தேடி, மகளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரைத் தேடி வருவதுதான் எமது காலத்துப் புதினம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இதற்கு ‘அறவீடு’ என்று பெயர் வைத்திருக்கின்றன. உரியவரிடமிருந்து உரியதைப் பெறுவதுதான் அறவீடு. கையொப்பமிடாத ஒருவரின் வீட்டு விறாந்தையில் போய்க் குந்தியிருப்பதற்குத் தமிழில் வேறு சொற்கள் உண்டு. அவற்றுள் அச்சிடத் தக்கது ‘அடாவடி’ ஒன்றுதான்.

கொழும்பு மாடிவீட்டில் இருப்பவருக்கு இந்த அடாவடி தொலைபேசி மணியாக வருகிறது. எரிச்சலோடு துண்டித்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம். தீவகத்தில் அது கால் முளைத்து நடந்து வருகிறது. பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று வந்து, கடலுக்கு நடுவே போட்ட தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போய், குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் நயினாதீவு கைக்கெட்டும் தூரம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அலையில் ஆட வேண்டும். அந்த இறங்குதுறைகளில் கால் வைக்கும் புதுமுகம் யார், கையில் வைத்திருக்கும் கோப்பு எந்தக் கம்பனியுடையது, எந்த வளவுக்குப் போகிறார் என்பதெல்லாம் அவர் போய்ச் சேருமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். பொது இடத்தில் பெயரெழுதி ஒட்டத் தேவையில்லை. ஆள் வந்து போனாலே அறிவித்தல். கம்பனிகள் இதை அறியாதவையல்ல. நீதிமன்றத்துக்குப் போனால் முத்திரைக் கட்டணம், சட்டத்தரணி, தவணை என்று செலவு. படலையில் ஓர் இளைஞனை நிறுத்தி வைப்பதற்கு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் போதும்.

வேலணையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் ஐம்பதாயிரம் ரூபா குழுக்கடன் எடுத்திருந்தாள். அந்தப் பருவத்தில் இந்திய இழுவைப் படகுகள் கணவனின் வலையை அறுத்துக்கொண்டு போயின. நான்கு கிழமை தவணை தவறியது. ஐந்தாவது கிழமை வந்தவர் மருமகள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாமியார் வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, நான் உங்களிட்டக் காசு வாங்கேல்லை. ஒரு கடுதாசியிலையும் கையெழுத்து வைக்கேல்லை.”

“தெரியும் அம்மா. ஆனா உங்கட மருமகள் தானே.”

அன்று மஃரிபுக்குப் பின்னும் அவர் போகவில்லை. அந்த அம்மா காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் பக்கத்து வீட்டாரிடம் வைத்துக் காசு மாறிக் கொடுத்தபின்தான் எழும்பினார். அவர் மரியாதையாகத்தான் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். குரல் உயரவில்லை. ‘அம்மா’ என்றே அழைத்தார். முறைப்பாடு கொடுக்கப் போனால் பொலிசில் எதைச் சொல்வது? பிள்ளை மாதிரி ஒருவன் விறாந்தையில் இருந்தான் என்றா?

இந்தத் ‘தானே’ என்ற இரண்டெழுத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இலங்கைச் சட்டப் புத்தகம் எதிலும் அது இல்லை. கடன் என்பது ஒப்பந்தம். ஒப்பமிட்டவரும், பிணை நின்று ஒப்பமிட்டவரும் கட்டுப்பட்டவர்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடன் கழிக்கப்படும். சொத்து முடிந்தால் கடன் வாரிசின் முதுகில் ஏறாது. யாழ்ப்பாணத்தாரின் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்தபோது அதில் இடம்பிடித்த ஒற்றி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர் காணியைப் பிடித்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். அதிலும் கடுமை உண்டு, ஏழையின் காணி கைமாறிப்போன கதைகள் உண்டு. ஆனால் ஒற்றி வைக்கப்பட்டது காணி. இன்று ஒற்றி வைக்கப்படுவது மாமியாரின் மானம், அதுவும் அவருடைய சம்மதமில்லாமல்.

இந்த நிலைமை எப்படி வந்தது? 2009இல் போர் முடிந்ததும் ஏ9 பாதையால் முதலில் வந்தவை சீமெந்தும் தகரமும் மட்டுமல்ல, லீசிங் கம்பனிகளும் அடகுக் கடைகளும் நுண்கடன் நிறுவனங்களுந்தான். கணவனை இழந்த, கணவன் காணாமலாக்கப்பட்ட, வீட்டுக்குத் தலைமை தாங்கிய பெண்கள் நிறைந்த மாகாணம் அது. வங்கி அவர்களிடம் உறுதியும் சம்பளச் சீட்டும் கேட்டது. நுண்கடன்காரர் கேட்டது அடையாள அட்டையும் பக்கத்து வீட்டுப் பெண்களும். பங்களாதேஷின் கிராமீன் வங்கி பிரபலமாக்கிய குழு முறை இது. 2006இல் முஹம்மத் யூனுஸுக்கும் அவ்வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது எமது சஞ்சிகைகளும் முஸ்லிம் ஒருவரின் சாதனை என்று பக்கம் ஒதுக்கிக் கொண்டாடின. ஈடில்லாத ஏழைக்கு அயலார் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பது கேட்பதற்கு அழகான கருத்து. நடைமுறையில் அது என்னவாயிற்று? ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கூட்டத்தை விட்டு எழும்ப முடியாது. சமையல் அடுப்பில், பிள்ளை பள்ளிக்கூடத்தில், இவர்கள் கொட்டிலில். கடைசியில் அந்தப் பெண்களே அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தார்கள். சம்பளமில்லாத அறவீட்டாளர்களாக அயலவரை மாற்றியதுதான் இந்த முறையின் உண்மையான கண்டுபிடிப்பு.

வட்டிக் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதில்தான் கண்கட்டு வித்தை இருக்கிறது. 50,000 ரூபாவுக்கு வருடம் 24 வீதம் என்றால் நியாயம் போலத் தெரியும். வட்டி 12,000, மொத்தம் 62,000, 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு போகிறது. அரைவருடம் கழிந்து அவள் கையில் மீதியிருப்பது பாதிக் கடன், கட்டுவதோ முழுக் கடனுக்கான வட்டி. குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மை வீதம் 40ஐத் தாண்டும். இதற்குமேல் ஆவணச் செலவு, காப்புறுதி, தாமதக் கட்டணம். ஒப்பந்தம் பெரும்பாலும் அவளுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இருப்பதில்லை.

2018இல் ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் அவருடைய விடயம். அரசாங்கத்தின் பெருங்கடனைப் பார்க்க வந்தவர் கிராமத்துப் பெண்களின் சிறுகடனைக் கண்டு திகைத்தார். வட்டி 220 வீதம் வரை அறவிடப்பட்ட முறைப்பாடுகள், அறவீட்டாளர்களின் மிரட்டல், பாலியல் ரீதியான கோரிக்கைகள் எல்லாம் அவருடைய அறிக்கையில் உள்ளன. அதே ஆண்டு நிதியமைச்சு, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறிய கடன்களைப் பொறுப்பேற்பதாக அறிவித்தது. மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதித்தது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் அந்த வரம்பு மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் உள்ளவர்களைத்தான் கட்டும். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டமும் வைப்புப் பணம் வாங்கும் கம்பனிகளைத்தான் பிடித்தது. வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுத்தவர்கள் வலைக்கு வெளியே நீந்தினார்கள்.

2021 மார்ச் 8ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் இருந்தார்கள். கடன் நெருக்குதலால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவர்கள் சொன்னார்கள். சிங்களப் பெண்களோடு வடக்கு, கிழக்குப் பெண்களும் அந்தப் போராட்டத்தில் சேர்ந்து நின்றார்கள். எமது பத்திரிகைகள் அதற்கு எத்தனை அங்குலம் ஒதுக்கின என்பதைப் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது சேலைத் தலைப்பில் காசு முடிந்து வைக்கும் பெண்களின் கதை. மாதச் சம்பளக்காரரின் கதைக்கு வருவோம். ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர் ஆகியோரின் பணப்பையில் கடனட்டை இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில், உங்களோடு ஒரே வீட்டில் வசிக்காத உறவினர் இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்டிருப்பார்கள். விலாசத்தை உறுதிப்படுத்த என்றார்கள். நாமும் பெரியம்மாவின் மகனையும் மச்சானையும் எழுதிக் கொடுத்தோம். அவர்களிடம் கேட்டா எழுதினோம்? 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு வைத்தது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பை எடுத்துவிட்டது. அந்த ஆண்டு முடியுமுன் பல வங்கிகளின் வீதம் 30ஐத் தாண்டியது. 18இல் செலவழித்தவர் 30க்கு மேல் கட்ட முடியாமல் திணறியபோது மச்சானின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கைத்தொலைபேசிச் செயலிகளால் ஐந்து நிமிடத்தில் கடன் கொடுப்போர் வந்தபின் இரண்டு பெயர் எழுதும் சிரமமும் இல்லை. தொலைபேசியிலுள்ள இலக்கங்கள் அனைத்தையும் பார்க்க அனுமதி கேட்பார்கள். அவசரத்துக்குக் காசு தேடுபவர் விரலை அழுத்திவிடுவார். பிறகு அவர் கைபேசியிலுள்ள அத்தனை பேரும் பிணையாளிகள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வரும் நாளோ தள்ளித் தள்ளிப் போடப்பட்டது.

கடன் கொடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால்தான் இப்படி ஆள் அனுப்புகிறார்கள் என்று ஒரு வங்கி நண்பர் என்னிடம் வாதிட்டார். உண்மையா? 1990ஆம் ஆண்டு ஒன்றிலேயே, 2ஆம் இலக்கச் சட்டத்தால் கடன் வழக்குகளுக்கு விரைவு வழி போடப்பட்டது. 4ஆம் இலக்கச் சட்டத்தால் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈடு வைத்த சொத்தை ஏலம் போடும் அதிகாரம் வங்கிகளுக்குக் கிடைத்தது. 18ஆம் இலக்கச் சட்டத்தால், தவணை தவறியவர் பெயரைப் பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகம் நிறுவப்பட்டது. கடன் கொடுத்தவருக்கு ஒரே ஆண்டில் மூன்று சட்டம். கடன் வாங்கியவரின் தமக்கைக்கு ஒன்று வர எத்தனை ஆண்டு? 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அதுவும் அதன் ஆளுகைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுந்தான். முறைப்பாட்டுக்குக் கொழும்பில் அலுவலகம் இருக்கிறது. நெடுந்தீவுப் பெண் வள்ளத்திலும் இரண்டு பஸ்ஸிலும் ஒரு பகலைத் தொலைத்து அங்கே போய்ச் சேரலாம்.

மற்ற நாடுகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவில் 1977லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே அறவீட்டு முகவர் உறவினரையோ அயலவரையோ அழைப்பது கடனாளி எங்கே இருக்கிறார் என்று அறிவதற்கு மட்டுமே. பொதுவாக ஒரு தடவைக்கு மேல் அழைக்கக் கூடாது. அவர் கடன்பட்டிருக்கிறார் என்று வாய் திறக்கவே கூடாது. இந்தியாவில் 2007இல் ஐசிஐசிஐ வங்கி சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், அடியாட்களை வைத்து வசூலிக்கும் வழக்கத்தைக் கண்டித்தது. 2022இல் ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்றும், கடனாளியின் குடும்பத்தாரையும் நண்பரையும் விண்ணப்பத்தில் பெயர் குறிக்கப்பட்டவரையும் தொல்லைப்படுத்தக் கூடாது என்றும் விதித்தது. 2025இல் தமிழ்நாட்டுச் சட்டசபை, கடன் வாங்கியவரையோ அவர் குடும்பத்தையோ வற்புறுத்தித் துன்புறுத்துவதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. அந்தத் தமிழ்நாட்டில் 2017இல் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்கு இரையானதையும் மறக்க முடியாது. அங்கே 2003லேயே அதீத வட்டித் தடைச்சட்டம் இருந்தது. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் சட்டமே இல்லாத இடத்தில் அந்தப் பேச்சைப் பேச எமக்கு உரிமையில்லை.

வேறொரு கடனாளியையும் பார்ப்போம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று உலகுக்கு அறிவித்தது. மொத்தம் ஏறத்தாழ 5,100 கோடி டொலர். பிணைமுறி வைத்திருந்தவர்கள் யாரும் நிதியமைச்சரின் சாச்சி வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை. மேசையைச் சுற்றி இருந்து பேசினார்கள். 2024 டிசம்பரில் பிணைமுறிகள் மாற்றப்பட்டபோது முதலிலேயே 27 வீதத்தைக் கழித்துவிட்டார்கள், தவணையும் நீண்டது. உள்ளூர்த் தொழிலதிபர்களின் சொத்தை வங்கி ஏலம் போடும் அதிகாரமும் 2024இல் சட்டத்தால் இடைநிறுத்தப்பட்டு 2025 மார்ச் வரை நீடித்தது. வியாபாரம் நொடித்தவருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளத்தை நம்பியிருந்த தீவகத்துக் குடும்பத்துக்கு மூச்சுவிட எத்தனை கிழமை கொடுத்தார்கள்?

“கட்ட முடியாதவள் ஏன் வாங்கினாள்?” என்பது எல்லாரிடமும் இருக்கும் கேள்வி. ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து, வேலணைச் சந்தியில் நின்று, எங்கட சனம் ஆடம்பரத்துக்குக் கடன் படுகுது என்று சொன்னவரை நானே கேட்டிருக்கிறேன். அவருடைய வீடும் காரும் என்ன, கைக்காசுக்கா வாங்கியவை? ஆடம்பரத்துக்கு வாங்கியவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. சாமத்திய வீட்டு வீடியோவுக்கும் பெருநாள் உடுப்புக்கும் கடன் பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேள்வி சபையைத் திசை திருப்புகிறது. அவள் எதற்கு வாங்கினாலும், அவளுடைய மாமியார் வாங்கவில்லை.

இனி எமது வீட்டுக்குள் வருவோம். இதை ஒரு முஸ்லிம் சஞ்சிகையில் ஏன் எழுதுகிறேன் என்று சில வாசகர்கள் கேட்பார்கள். தீவகத்தில் எமது ஆட்கள் எத்தனை பேர்? நயினாதீவில் அம்மன் கோவிலுக்கும் நாக விகாரைக்கும் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல், மண்கும்பானில் ஒன்று, அவ்வளவுதானே என்பார்கள். இன்னுஞ் சிலர், வட்டி ஹராம், ஹராமில் கால் வைத்தவர்களின் கூக்குரலுக்கு நாம் ஏன் காது கொடுக்க வேண்டும் என்பார்கள்.

வட்டி பற்றிய ஜும்ஆ குத்பாக்களை நான் கேட்காதவனல்ல. வட்டி எடுப்பவனையும் கொடுப்பவனையும் எழுதுபவனையும் சாட்சியையும் ஒன்றாகச் சபித்த ஹதீஸ் தவறாமல் வரும். கதீபின் குரல் கொடுப்பவன் பக்கம் திரும்பும்போது மட்டும் உயரும், ஏனென்றால் அவன் ஏழை, பின் வரிசையில் இருக்கிறான். முன் வரிசையில் லீசிங் கம்பனியின் பங்குதாரர் இருக்கக் கூடும். ஸூரா பகராவில் 278ஆம் வசனத்திலிருந்து 280 வரை வரிசையாக ஓதிப் பாருங்கள். வரவேண்டிய மீதி வட்டியை விட்டுவிடும்படி சொல்லப்படுவது கடன் கொடுத்தவருக்கு. அல்லாஹ்வும் அவனது தூதரும் தொடுக்கும் போர் அறிவிக்கப்படுவது விட மறுப்பவருக்கு. அடுத்து, கடனாளி கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று சொல்லப்படுவதும் கொடுத்தவருக்குத்தான். இந்த மூன்று வசனங்களிலும் கடனாளியைத் திட்டும் சொல் ஒன்றுமில்லை. எமது மிம்பர்களில் மட்டும் அது எங்கிருந்து வந்தது?

கடன் கொடுத்தவருக்கு உரிமை இல்லையா? உண்டு. நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து தான் கொடுத்த கடனைக் கடுமையாகக் கேட்டார். தோழர்கள் அவர்மேல் பாய எழுந்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். உரிமையாளருக்குப் பேச இடமுண்டு என்று சொல்லி, அவருடையதைவிட நல்ல ஒட்டகத்தை வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். இந்தச் சம்பவத்தை வங்கி நண்பர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். நல்லது. அந்த மனிதர் கடன் வாங்கியவரிடம் நேரே வந்து கேட்டார். பாத்திமா (ரழி) வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் வேறொரு சம்பவம். கனி வாங்கிய வியாபாரத்தில் நட்டப்பட்டு ஒருவர் பெருங்கடனில் விழுந்தார். நபியவர்கள் மக்களை அவருக்குத் தர்மம் செய்யச் சொன்னார்கள். சேர்ந்த தொகை போதவில்லை. இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் சொல்லி முடித்தார்கள். அவருடைய சகோதரனை அழைத்து வரச் சொல்லவில்லை. இறந்தவர் கடன் வைத்திருந்த ஜனாஸாவில் அபூகதாதா (ரழி) பொறுப்பேற்றது வேறு. அவர் தானாக முன்வந்து வாயால் சொன்னார். பிணை நிற்பதற்கு இஸ்லாமியச் சட்டத்தில் கஃபாலா என்றொரு முழு அத்தியாயமே இருக்கிறது. ஒருவர் சொல்லாமல் அவரைக் கஃபீல் ஆக்குவதற்கு அதில் இடமில்லை. ஓர் ஆத்மாவின் சுமையை இன்னோர் ஆத்மா சுமக்காது என்பதைக் குர்ஆன் ஒரு தடவையல்ல, பல இடங்களில் சொல்கிறது.

அந்தத் ‘தானே’க்கு மீண்டும் வருகிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில், ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் எம்மவரைத் துரத்தினார்கள். கொடுக்கல் வாங்கல் கொப்பிகளும் உறுதிகளும் நகைகளும் பின்னால் நின்றன. யாரோ எங்கோ செய்ததாகச் சொல்லப்பட்டதற்கு, ஒஸ்மானியாவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் தொட்டிலில் கிடந்த குழந்தைகளும் பொறுப்பாளிகளாக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: முஸ்லிம் தானே. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது அந்த இரண்டெழுத்தின் விலையில்தான். 2019 ஏப்ரல் 21க்குப் பின் நாடெங்கும் எமது கடைகளுக்கும் பெண்களின் உடைக்கும் வந்ததும் அதே சொல். ஆகவே வேலணை விறாந்தையில் ஓர் இளைஞன் “உங்கட மருமகள் தானே” என்று சொல்லும்போது, அது எமக்குப் புரியாத பாஷை என்று நடிக்க வேண்டாம். அந்த அம்மா சைவமா, வேதமா, இஸ்லாமா என்பது இங்கே ஒரு பொருட்டல்ல.

செய்யக்கூடியவை சில உண்டு. ஒப்பமிடாத எவரையும் கடன் பற்றி அணுகுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் ஒரு பிரிவு வேண்டும், அனுமதிப் பத்திரம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவாக. 2023இல் வந்த நுண்நிதி, கொடுகடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலத்தைப் பாதிக்கப்பட்ட பெண்களே எதிர்த்தார்கள். கிராமத்துச் சேமிப்புக் குழுக்களையும் பெரிய கம்பனிகளையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது என்பது அவர்களின் குறை. அவர்களைக் கேட்டு எழுதப்படும் சட்டமே உதவும். அடுத்தது கூட்டுறவு. 1936இல் மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரியையே கட்டி எழுப்பிய மாவட்டம் இது. சிக்கனக் கடனுதவிச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் தீவுகளில் இன்னும் பெயர்ப்பலகையோடு இருக்கின்றன. அவற்றின் முதலைப் பெருக்கினால், கிழமைக் கடன்காரர் வள்ளம் ஏறும் தேவை பாதி குறையும். வாசலில் வந்து நிற்பவரிடம், நான் ஒப்பமிட்ட பத்திரத்தைக் காட்டு, உன் கம்பனி அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கவும், நாளையும் நேரத்தையும் கொப்பியில் எழுதவும், கிராம அலுவலரையோ பக்கத்து வீட்டாரையோ சாட்சிக்குக் கூப்பிடவும் எமது பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதில் ஊர் பக்கம் மாறினால் இந்த வியாபாரம் ஓடாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகள் ஒரு கூட்டம். ஸூரா தவ்பாவின் 60ஆம் வசனம் அவர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறது. நான் பார்த்த ஸகாத் விண்ணப்பப் படிவங்களில் விதவை, அநாதை, நோயாளி, வீடற்றவர் என்று நிரல்கள் உண்டு. கடனாளி என்றொரு நிரலைக் காணவில்லை. தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுக்கிறோம். அந்த இயந்திரத்தை அடுத்த மாதம் கடன்காரர் தூக்கிக்கொண்டு போவதை யாரும் படம் எடுப்பதில்லை. அயல் சமூகத்துப் பெண்களுக்கு ஸகாத்திலிருந்து கொடுப்பதை ஃபிக்ஹ் அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஸதகாவுக்கு அந்தத் தடை இல்லை. யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலுமுள்ள எமது பள்ளிவாசல்கள் சேர்ந்து, முதல் வருடம் இருபது குடும்பங்களின் நுண்கடனை எடுத்து, கம்பனியோடு பேசி, வட்டியைக் கழித்து முதலைக் கட்டி முடிக்கலாம். வரும் ரமழானுக்கு முன் எந்த நிர்வாகம் இதைத் தொடங்குகிறதோ, அந்த ஊரின் பெயரை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் ஆசிரியர் இடம் ஒதுக்கித் தருவார் என்று நம்புகிறேன்.